நானூறு போட்டோ புடிச்ச பேராண்டிக்கு

வா பேராண்டி, இப்டி திண்ணையில குந்து. காலையிலருந்து இன்னாத்த தேடிக்கினு வூட்டச் சுத்திச் சுத்தி வர்ற? போனா? கெடைக்கும். அதுக்கு இன்னா காலா மொளச்சிகீது, சந்தவாசல் வரைக்கும் நடந்து போறதுக்கு? ஆயா மல்லாட்ட அவிச்சி வெச்சிகீறா, ரெண்டு ஒடச்சி வாயில போடு. காதுல இன்னாது அது, மொச்சக்கொட்டையாட்டம் வெள்ளையா? அத்தயும் எடு. போனே இல்லாதப்போ அது யாருகூட பேசிக்கினு கீது?

நேத்து ராத்திரி நீ காட்டின போட்டோவெல்லாம் பாத்தன்டா. இத்தாலி தேசத்துல மிலான்ற ஊரு, அங்க கீற பெரிய மாதா கோயிலு. வெள்ள வெளேர்னு பளிங்கு. மேல பாத்தா முள்ளம்பன்னி சிலுப்பிக்கின மாதிரி ஊசி ஊசியா கோபுரம். நல்லாத்தான் கீது, குத்தம் சொல்ல மாட்டன். எத்தினி போட்டோனு கேட்டன். நானூறுன்ன. உள்ள எவ்ளோ நேரம்டா இருந்தனு கேட்டன். முக்கா மணின்ன. கயினியில மல்லாட்ட ஆயறவங்க கூட அவ்ளோ சுருக்கா கைய ஓட்ட மாட்டாங்கடா. கெட்டிக்காரன்தான் நீ.

அந்தக் கோயில்ல 3,400 செல கீதுன்னு ஒம் பொண்டாட்டி சொன்னா. நீ புடிச்சது நானூறு. மிச்சம் மூவாயிரம் செல ஒங்கிட்டருந்து தப்பிச்சிச்சு. பொழச்சிப் போவட்டும்.

ஒரு செலய மட்டும் நான் மறக்கல. ஒடம்புல தோலே இல்லாம, நரம்பும் சதையுமா ஒரு ஆளு நிக்கிறாரு. தோள் மேல துண்டாட்டம் இன்னாவோ தொங்குது. இவரு யார்ரானு கேட்டன். "ஏதோ சாமி தாத்தா"ன்னுட்டு நீ அடுத்த போட்டோவுக்கு தள்ளிட்ட. அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு. ஏசு சாமியோட பன்னெண்டு சீசருங்கள்ல ஒருத்தரு, பர்த்தலமேயு. உசுரோட தோல உரிச்சிட்டாங்களாம். அந்தத் தோலுதான் தோள்ல கீற துண்டு. மார்க்கோ தாக்ராத்தேன்னு ஒரு ஆசாரி 1562-ல செஞ்சி வெச்சது. நான் அப்டியே மலைச்சிப் பூட்டன். அப்பால போட்டோவ மறுபடி பாத்தன். அவரு முன்னால ரெண்டு வெரலக் காட்டிக்கினு ஒருத்தன் பல்ல இளிச்சிக்கினு கீறான். உத்துப் பாத்தா, நீ. தோல உரிச்ச மனுசன் பக்கத்துல நின்னு சிரிக்கணும்னா அதுக்கு ஒரு மனசு ஓணும்டா. எனக்கு வராது.

வாசல்ல நடந்த கூத்தயும் அந்தப் பொண்ணு சொல்லிட்டா, முறைக்காத. தோளும் முட்டியும் மூடிகினாத்தான் உள்ள வுடுவாங்களாமே. நீ அரட்டவுசரோட போயி நின்னு, அது துப்பட்டாவ வாங்கி இடுப்புல சுத்திக்கினு உள்ள போனியாமே. அந்தப் போட்டோ மட்டும் நானூறுல காணோமே, ஏன்? நம்ம திருச்செந்தூர்ல ஆம்பளய சட்டையக் கழட்டிட்டு வாங்கறான். அங்க மூடிக்கினு வாங்கறான். சாமி ஒண்ணுதான், துணிக் கணக்குத்தான் ஊருக்கு ஊரு வேற.

இன்னொண்ணு சொன்னா பாரு, அத்த கேட்டு நான் சிரிச்ச சிரிப்புல ஆயா ஏந்து வந்துட்டா. அந்தக் கோயில 1386-ல ஆரம்பிச்சாங்களாம். கடைசி வாசக்கதவ மாட்டினது 1965-லயாம். 579 வருசம்! அந்த ஊர்ல முடியாம இழுத்துக்கினே போற வேலைக்கு கோயில் வேலன்னுதான் பேராம். அவங்க கதவு மாட்டின வருசம் நான் இந்தத் திண்ணைய கட்டினன். எனக்கு நாலு நாளு ஆச்சு. அஞ்சாம் நாளு விரிசல் வுட்டுது, அது வேற கத.

நான் சிரிச்சது அதுக்கில்ல. கல்லு எங்கருந்து வந்துதுன்னு கேட்டன். மலைக்குப் பக்கத்துல கந்தோல்யான்னு ஒரு எடத்துலருந்து ஏரி, ஆறு, வாய்க்கா வழியா படகுல ஏத்திக்கினு வந்தாங்களாம். கோயில் கல்லுன்னா சுங்கம் கெடையாது. அடையாளத்துக்கு அ-உ-ஃப ன்னு மூணு எழுத்து. அதுலருந்துதான் அந்தப் பாஷையில காசு குடுக்காம வர்றதுக்கு "ஆ ஊஃபோ"ன்னு பேரு வந்துதுன்னு சொல்றாங்களாம். நம்ம ஊர்ல இன்னா சொல்லுவாங்க? கும்பினிக்காரன் காயிதத்துல ஓ-சி ன்னு முத்திர குத்துனா தபாலுக்கு காசு கெடையாது, அதுலருந்து ஓசி வந்துதும்பாங்க. பாத்தியா? கடல் தாண்டிப் போயும் ஓசி ஓசிதான். ஒனக்கு மட்டும்தான் டிக்கெட்டு.

இன்னாது? வூட்டுக்குள்ள கிர்ருனு சத்தம் கேக்குதா? அது எலிடா. இந்த வருசம் எலி சாஸ்தி. நீ குந்து.

சரி, அந்த ஊர வுடு. நீ இங்க வந்து நாலு நாளு ஆச்சு. நம்ம ஊர்ல எத்தினி கோயில் பாத்த? ரேணுகாம்பா கோயிலுக்குப் போயிட்டு, "ஆடி வெள்ளி, ஒரே கூட்டம் தாத்தா"ன்னு திரும்பி வந்துட்ட. உள்ள இன்னாடா கீதுன்னா, "அம்மன்"ங்கற. அம்மன் தெரியும்டா, எந்த அம்மன்? தல மட்டும் கீற அம்மன். ஜமதக்கினி முனிவரு பொண்டாட்டி. தெனம் ஆத்து மணலால குடம் பண்ணி தண்ணி மொண்டுக்கினு வருவாளாம். ஒரு நாளு தண்ணியில ஒரு கந்தர்வன் நெழலு தெரிஞ்சிச்சு, ஒரு நிமிசம் பாத்துட்டா. குடம் ஒடஞ்சிது. புருசன் சொல்லி, பெத்த மவன் பரசுராமனே தலய வெட்டிட்டான். அந்த ஆறுதான் நீ வர்றப்போ பாலத்துல தாண்டினியே, கமண்டல நாகநதி. "தண்ணியே இல்ல"ன்னு அத்தயும் போட்டோ புடிச்ச.

தண்ணியில ஒரே ஒரு நெழல பாத்ததுக்கு அவ தல பூட்டுது. நீ அந்தக் கண்ணாடிச் சில்லுல ஒரு நாளைக்கு எத்தினி நெழல பாக்கற? ஒன் தல இன்னும் கழுத்து மேலதான் கீது. கலிகாலத்துல நியாயம் ஏது?

அங்க தோலில்லாத சாமியாரு, இங்க ஒடம்பில்லாத அம்மா. ரெண்டு எடத்துலயும் சுத்திவர அலங்காரம்தான், பூவும் வெளக்கும்தான். ஆனா நடுவுல வெச்சிகீறது ஒரு காயம். வேப்பஞ்சேல கட்டிக்கினு வர்ற பொம்பளைங்களுக்கு அது தெரியும். அவங்க யாரும் ரெண்டு வெரல காட்டறதில்ல.

இந்த ஊருக்குப் பேரு படவேடு இல்லடா, படைவீடு. படை எறங்கி நின்ன எடம். சம்புவராயன்னு ராசா பரம்பர, இங்க குந்திக்கினுதான் தொண்டை மண்டலத்த ஆண்டாங்க. மலைக்கு ராசகம்பீரன் மலைன்னு பேரு. அப்பால விஜயநகரத்துலருந்து குமார கம்பணன்னு ஒருத்தன் படையோட வந்தான். மலைக்கோட்டைய முற்றுகை போட்டான். சம்புவராயன் தோத்தான். இதெல்லாம் நடந்து இருபது இருபத்தஞ்சு வருசம் கழிச்சித்தான் மிலான்காரன் கடக்காலே தோண்டறான். நான் கதவுடறன்னு நெனைக்காத, கல்வெட்டு படிக்க வர்ற வாத்தியாருங்க இந்தத் திண்ணையில குந்தி மோரு குடிச்சிட்டு சொன்னது. அந்தக் கம்பணன் பொண்டாட்டி கங்காதேவி, புருசன் ஜெயிச்சதையெல்லாம் சமஸ்கிருதத்துல பெரிய காவியமா எழுதி வெச்சிட்டா. மதுரா விஜயம்னு பேரு. நீ ஊருக்குப் போனா ஒம் பொண்டாட்டி ரீல்ஸ் போடறா. அவன் போருக்குப் போனதுக்கு அவ காவியமே போட்டுட்டா. தோத்தவன் பொண்டாட்டி இன்னா எழுதினா? அதுக்கு இங்க கல்லு மட்டும்தான் சாச்சி.

கல்லுன்னதும் ஞாபகம் வருது. அந்த மாதா கோயிலுக்குள்ள அண்ணாந்து பாத்துக் கழுத்து வலின்னு தைலம் தேச்சிக்கின. அங்க அண்ணாந்துதான் பாக்கணும், கூரையத் தூக்கறதுதான் அவங்க வித்த. நம்ம கோயில்ல குனிஞ்சி பாரு. செவுத்துக்கு அடியில, ஒன் முழங்காலு மட்டத்துல சுத்திவர பட்ட பட்டையா எழுத்து ஓடும். அம்மையப்பரு கோயில்ல 1258-ஆம் வருசத்துக் கல்வெட்டு ஒண்ணு கீது, சம்புவராயரு காலத்துது. நீ போன வருசம் அது மேல பைய வெச்சிட்டு ஷூ கயிறு கட்டின. நான் ஒண்ணும் சொல்லல. கட்டி முடிச்சதும் தட்டிட்டுப் போனன்.

எழுத்த படிச்சா இன்னா கெடைக்கும்னு கேப்ப. வேலூரு பக்கத்துல விரிஞ்சிபுரம் கோயில்ல ஒரு கல்வெட்டு கீது. 1425-ல, ரெண்டாம் தேவராயன் காலத்துல, இந்தப் படைவீட்டு ராச்சியத்து பிராமணருங்க கூடி எழுதி வெச்ச ஒப்பந்தம். தமிழரு, தெலுங்கரு, கன்னடரு, லாடரு எல்லாரும் கையெழுத்து. இன்னான்னா, பொண்ணக் குடுக்கறவன் பொன் வாங்கக் கூடாது, கன்னிகாதானமாத்தான் குடுக்கணும். மீறினா வாங்கினவனுக்கும் குடுத்தவனுக்கும் ராச தண்டன, சாதிக்கும் ஆகமாட்டான். அப்போ பொண்ணுக்கு ஆம்பள வூட்டுக்காரன் பொன் குடுத்தாங்கடா! இப்போ தலகீழ. ஒன் மாமனாரு வாங்கிக் குடுத்த அந்த சேப்பு காரு வாசல்ல நிக்கிது பாரு, அதுக்கு நேரா நின்னு அந்தக் கல்வெட்ட ஒரு வாட்டி ஒரக்கப் படிக்கணும்னு எனக்கு ஆச. வயசாயிடுச்சி, மூச்சு வாங்குது.

நேத்து நீ ஒரு கேள்வி கேட்ட. "சாமி கும்புட எதுக்கு தாத்தா இவ்ளோ ஆடம்பரம்? வேஸ்ட்டு இல்லியா?"ன்னு. கேட்டுட்டு தூங்கிட்ட. எனக்குத் தூக்கம் வரல.

தெருக்கூத்து பாத்துகீறியா? நீ எங்க பாத்த. புரிசையிலருந்து செட்டு வந்தா நாங்க சாயங்காலமே பாய போட்டு எடம் புடிப்போம். சின்னப் பையன்ல ஒரு வாட்டி, ஆடறதுக்கு முன்னால அவங்க பொட்டிய தொறந்து வெச்சிருந்தத பகல்ல பாத்துட்டன். துரியோதனன் கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம். எல்லாம் லேசான மரம். மேல கலரு பேப்பரு, கண்ணாடிச் சில்லு, ஜிகினா. சீன்னு ஆயிடுச்சி. இதுக்கா இவ்ளோ பயந்தோம்னு. அன்னிக்கு ராத்திரி பெட்ரோமாஸ் வெளிச்சத்துல திரைய புடிச்சிக்கினு, அது பின்னால அவன் கிறுகிறுன்னு சுத்தறான். திரை கீழ எறங்கிச்சு. அந்தக் கண்ணாடிச் சில்லு அத்தனையும் நெருப்பாட்டம் பத்திக்கிச்சிடா. நான் அப்பன் மடியில மூஞ்சிய பொதைச்சிக்கினன். அதே பொட்டி, அதே ஜிகினாதான்.

அதான் ஆடம்பரம். அதுக்குன்னு ஒரு வெளிச்சம் கீது, ஒரு நேரம் கீது. அந்த நேரத்துக்கு நீ காத்துக் கெடக்கணும். வெறும் மினுமினுப்புதான் ஓணும்னா அதோ வேலூர்கிட்ட ஸ்ரீபுரம், 2007-ல தொறந்தாங்க, 1,500 கிலோ தங்கம்னு பேப்பர்ல போட்டான். நான் ஒரு வாட்டி போனன். எல்லாரும் எத்தினி கிலோன்னுதான் பேசிக்கினு போனாங்க. அம்மா மொகத்த பத்தி யாரும் ஒரு வார்த்த பேசல. கோயிலு மேல குத்தமில்ல, எடை போடறவன் மேல.

எனக்கே அப்டி காத்துக் கெடக்கறது லேசுல வந்துடல. கல்யாணமான புதுசுல வாழத்தாரு லோடு ஏத்திக்கினு பாண்டிச்சேரிக்குப் போனன். லாரிக்காரரு மாதா கோயில் ஆளு. மொதல்ல சம்பா கோயிலுக்கு இட்டுக்கினு போறன்னாரு. சம்பான்னா நெல்லுன்னு நெனச்சி, அறுப்பு திருவிழா போலக்குதுன்னு கெளம்பிட்டன். அங்க போனா நெல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. சேன் பால்ன்ற சாமி பேருதான் நம்மாளு வாயில சம்பா ஆயிடுச்சாம். ஏற்கனவே இருந்த கோயில 1761-ல இங்கிலீஷ்காரன் ஊரோட சேத்து இடிச்சிப்புட்டான். மறுபடி கட்டி 1791-ல முடிச்சாங்க. அவரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தாரு, அப்பால ரயிலடிகிட்ட கீற இருதய ஆண்டவர் கோயிலு. 1907-ல கட்டி முடிச்சது. லாரிக்கு டயரு மாத்தணும், நீ உள்ள நெழல்ல குந்துன்னு வுட்டுட்டுப் போயிட்டாரு.

குந்தினன். ஒசந்த செவுரு, கூரு கூரா வளைவு, ஜன்னல்லெல்லாம் கலரு கண்ணாடியில சாமியாருங்க உருவம். அஞ்சு நிமிசத்துல பாத்து முடிச்சிட்டன். ஒன்ன மாதிரிதான். போனு இல்ல, இல்லன்னா நானும் நானூறு புடிச்சிருப்பன். வேற வழியில்லாம சும்மா கெடந்தன். அப்போதான் என் வெள்ள வேட்டி மேல, சரியா முட்டிக்கு மேல, ரத்தச் செவப்பா ஒரு கற. பதறிப்போயி தேச்சன், போவல. கைய வெச்சா கை செவக்குது. அண்ணாந்து பாத்தா கண்ணாடி. வெயிலு அது வழியா எறங்கி என் மேல வுழுந்துகீது. அந்தச் செவப்பு மெதுவா, எறும்பு ஊர்ற மாதிரி, முட்டியிலருந்து தொடைக்குப் போச்சு, தொடையிலருந்து பெஞ்சுக்குப் போச்சு. பின்னாலயே நீலம் ஒண்ணு வந்துது. எனக்கு அந்தச் சாமி பேரு தெரியாது, பூசையும் தெரியாது. ஆனா இந்தக் கோயில கட்டினவன் சூரியனயே கூலிக்கு வெச்சிகீறான்னு மட்டும் தெரிஞ்சிது. அப்டியே தூங்கியும் பூட்டன். கோயில்பிள்ள வந்து தட்டி எழுப்பினாரு. திட்டுவாருன்னு நெனச்சன். "மெதுவா ஏந்திருங்க"ன்னாரு. வெளிய வந்தா லாரி கெளம்பி ஒரு மணி நேரம் ஆச்சு. வாழத்தாரு காசு வசூல் பண்ண நாலு நாளு அலைஞ்சன், ஆயா இன்னிக்கும் சொல்லிக் காட்டுவா. அந்தச் செவப்பு மட்டும் இன்னும் கண்ணுக்குள்ள கீது. ஒன் நானூறுல ஏதாவது ஒண்ணு, கண்ண மூடிக்கினு சொல்லு பாப்பம். பாத்தியா, துப்பட்டாதான் ஞாபகம் வருது.

மறுபடியும் கிர்ருங்குதா? சொன்னன்ல, எலி.

நாளைக்கு ஒரு வேல பண்ணு. விடியறதுக்கு முன்னால அந்தப் பொண்ண இட்டுக்கினு கோட்டமலைக்கு ஏறு. மேல வேணுகோபாலரு கோயிலு. பாழா கெடந்தது, டிவிஎஸ் வேணு சீனிவாசன் இந்த ஊரு கோயிலுங்கள ஒவ்வொண்ணா எடுத்து திருப்பணி பண்ணி வெச்சாரு. சொம்புல தண்ணி, நாலு வாழப்பழம் போதும். ஏறினதும் மூச்சு வாங்கற வரைக்காவது குந்துவியே, அந்த நேரத்துல ஜவ்வாது மலையப் பாரு, கீழ வாழத்தோப்பப் பாரு. வெயிலு மலமேலருந்து எறங்கி மொதல்ல எந்தக் கோயிலு மேல வுழுதுன்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. எனக்கு இப்போ மலையேற முடியாது, அதனால கேக்கறன்.

எறங்கினதும் யோக ராமரு கோயிலுக்குப் போ. வில்லில்லாத ராமரு. சின்முத்திர புடிச்சி, சும்மா குந்திக்கினு கீறாரு. பக்கத்துல அனுமாரு ஓலை படிச்சிக்கினு கீறாரு. காட்டுல பதினாலு வருசம் கையவுட்டு கீழ வெக்காத வில்லுடா அது. அத்த எங்கியோ வெச்சிட்டு நிம்மதியா குந்திட்டாரு. "என் வில்லு எங்க, என் வில்லு எங்க"ன்னு அவரு திண்ணைய சுத்திச் சுத்தி வந்தாரா?

சரி, ஏந்திரு, ஆயா சோத்துக்குக் கூப்புடறா. இன்னா மொறைக்கிற? நான் எடுக்கலடா. எடுத்திருந்தா எங்க வெச்சிருப்பன்? எனக்கு மறதி வேற. ஒண்ணு மட்டும் சத்தியமா சொல்றன், ஒன் போனு குதிருக்குள்ள இல்ல.